காய்ச்சல் விட்ட பிறகு காலில் ஏன் ரத்தம் உறைந்தது?

டெல்டா பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டேன்.

வாசகிக்கு வயது 38. கணவருக்கு 44, சொந்தமாக அரிசி மண்டி நடத்துகிறார். மார்கழித் தொடக்கத்தில் அவருக்குக் குளிர்காய்ச்சலும் மண்டையைப் பிளக்கும் தலைவலியும் வந்தன. உள்ளூர் மருத்துவர் ‘விடால்’ பரிசோதனை பார்த்து, டைபாய்டு என்று சொல்லி, ஐந்து நாள் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருக்கிறார். காய்ச்சல் இறங்கவில்லை. ஏழாம் நாள் இரவு சட்டை மாற்றிவிடும்போது, டியூப்லைட் வெளிச்சத்தில், கணவரின் நெஞ்சிலும் வயிற்றிலும் மங்கலான சிவப்புப் புள்ளிகள் இருப்பதை வாசகி கவனித்திருக்கிறார். மறுநாளே மாவட்டத் தலைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே தட்டணுக்கள் குறைந்திருப்பதும் கல்லீரல் நொதிகள் ஏறியிருப்பதும் தெரிந்தன. ‘மியூரைன் டைபஸ்’ என்று முடிவுசெய்து டாக்ஸிசைக்ளின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் வீடு திரும்பவிருந்த நாளில் இடது கெண்டைக்கால் வீங்கி, கல்லாக இறுகி வலித்தது. டாப்ளர் ஸ்கேனில், முழங்காலின் பின்புறத்திலிருந்து தொடை வரை ஆழ்சிரையில் ரத்த உறைவு இருந்தது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசியும், தொடர்ந்து அதே வேலையைச் செய்யும் வார்ஃபரின் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. இப்போது ஆறு வாரம் ஆகிறது.

அவர் கேட்பவை இவை. காய்ச்சலும் வலியும் போய்விட்டன, பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது, “அது எலி மருந்து, நிறுத்தச் சொல்லுங்கள் அண்ணி” என்று கொழுந்தனார் வற்புறுத்துகிறார், நிறுத்தலாமா? இது பரம்பரையாக வருமா, பதினாறு வயது மகனுக்கு ரத்த உறைதல் பரிசோதனை எடுக்க வேண்டுமா? முதல் மருத்துவர் மீது வழக்குப் போடலாமா? மண்டியில் எலியை ஒழிக்கப் பூனை வளர்க்கலாமா? இவற்றுக்கிடையே போகிறபோக்கில் இரண்டு செய்திகளைச் சொல்லியிருக்கிறார். மாமியாருக்கு இதயத்தில் உலோக வால்வு பொருத்தி பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பொங்கல் விடுமுறையில் கணவரின் மாத்திரை தீர்ந்துபோனதால், “ரெண்டும் ரத்தத்துக்கான மாத்திரைதானே” என்று மாமியார் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் ஈறில் ரத்தம் வருவதால் நாளைக் காலையே, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை எடுத்து, முடிவை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கணவரைப் போன்றவர்களுக்கு அந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதைத் தாண்டியிருந்தால் அளவைக் குறைப்பார். எண் சரியாக இருந்தால் அது வெறும் ஈறு நோயாக இருக்கலாம். மலம் தார் போலக் கருத்துப் போனாலும், திடீரென்று கடுமையான தலைவலி வந்தாலும், தலையில் அடிபட்டாலும் நாளை வரை காத்திருக்கக் கூடாது. திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவலி, சளியில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும், உறைவின் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்று எண்ணி, உடனே 108-ஐ அழையுங்கள்.

டைபாய்டு வேறு, டைபஸ் வேறு

உங்கள் கடிதத்தில் நோயின் பெயரை மூன்று இடங்களில் டைபாய்டு என்றும் இரண்டு இடங்களில் டைபஸ் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் குழப்பத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. மருத்துவ உலகமே நெடுங்காலம் இரண்டையும் ஒன்றாகக் கருதியது. ‘டைபஸ்’ என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்குப் புகை என்று பொருள்; காய்ச்சலில் அறிவு புகைமூட்டமாகிவிடுவதைக் குறித்த சொல் அது. ‘டைபாய்டு’ என்றால் ‘டைபஸ் போன்றது’. இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதை 1837-இல் பிலடெல்பியாவில் வில்லியம் கெர்ஹார்ட் என்ற மருத்துவர்தான் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். டைபாய்டு, அசுத்தமான உணவாலும் தண்ணீராலும் குடலுக்குள் நுழையும் கிருமியால் வருவது. உங்கள் கணவருக்கு வந்ததோ ரிக்கெட்சியா டைஃபி என்ற வேறொரு கிருமியால், எலியின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. நம் ஊர்ச் செய்திகளில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று வருகிறதே, அதுவும் இதுவல்ல. அது புதர்களில் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணிகளால் வரும் ஸ்க்ரப் டைபஸ். ஒரே பூச்சி என்பதால் இது பிளேக்காக இருக்குமோ என்று பயந்திருக்கிறீர்கள். அந்த எலித் தெள்ளு பிளேக்கையும் சுமக்கக் கூடியது என்பது உண்மைதான். ஆனால் கிருமி வேறு, நோய் வேறு. மியூரைன் டைபஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. கணவரின் தட்டையும் போர்வையையும் தனியாக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தேவையே இல்லை.

“எங்கள் மண்டி அவ்வளவு அசுத்தமா” என்று வருந்தியிருக்கிறீர்கள். 1926-இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்தக் காய்ச்சலை ஆராய்ந்த கென்னத் மேக்ஸி, நோயாளிகளின் வீடுகளைவிட அவர்கள் வேலை பார்த்த இடங்களே முக்கியம் என்று கண்டார்: மளிகைக் கடைகள், தீவனக் கடைகள், உணவுப்பொருள் கிடங்குகள். அதை வைத்தே இது எலியோடு தொடர்புடையது என்று ஊகித்தார். 1931-இல் பால்டிமோரில் எலித் தெள்ளுகளிலிருந்தே கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து உங்கள் கடிதமும் அதையேதான் சொல்கிறது. தானியம் இருக்கும் இடத்துக்கு எலி வரும். இது ஏழை ஊர்களின் நோயும் அல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 2010-இல் 31 பேருக்கு வந்த இந்தக் காய்ச்சல் 2022-இல் 171 பேருக்கு வந்தது, அவர்களில் மூவர் இறந்தார்கள்.

ரத்தம் ஏன் உறைந்தது?

“காய்ச்சல் ரத்தத்தில் கலந்து ரத்தத்தையே கெட்டியாக்கிவிட்டது” என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியல்ல. இந்தக் கிருமி ரத்தத்தில் மிதந்துகொண்டே இருப்பதில்லை. ரத்தக் குழாய்களின் உட்சுவரை மெழுகினாற்போல் மூடியிருக்கும் ஒற்றை வரிசைச் செல்களுக்குள் புகுந்து அங்கேயே பெருகுகிறது. நலமாக இருக்கும்போது அந்த உட்சுவர்தான் ரத்தம் எங்கும் ஒட்டாமல் ஓடப் பார்த்துக்கொள்கிறது. அது புண்பட்டால் மெல்லிய குழாய்களில் கசிவு ஏற்படும். நீங்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்த புள்ளிகள் அப்படி வந்தவையே. நம் நிறத்தவரின் தோலில் அவை எளிதில் தெரிவதில்லை. நீங்கள் கவனித்தது பெரிய விஷயம். அதே சமயம், புண்பட்ட சுவர் உறைதலைத் தடுப்பதை விட்டுவிட்டு உறைதலைத் தூண்டத் தொடங்குகிறது. இதோடு, பத்து நாட்கள் அசையாமல் படுத்திருந்ததும், காய்ச்சலில் உடம்பு வற்றியதும் சேர்ந்துகொள்ளும். சிலருக்குத் தொற்றின்போது உறைதலைத் தூண்டும் எதிர்ப்பொருள்கள் தற்காலிகமாகத் தோன்றி மறைவதும் உண்டு.

ஆனாலும் இது அரிது. மியூரைன் டைபஸ் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் டாக்ஸிசைக்ளினில் முழுமையாகக் குணமாகிவிடுகிறார்கள். சிகிச்சை பெற்றவர்களில் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கால் சிரையிலோ நுரையீரலிலோ மண்ணீரலிலோ உறைவு வந்தவர்களைப் பற்றிய பதிவுகள், பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய சிறு கட்டுரைகளாகவே மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. காய்ச்சல் விட்டதும் கிருமி ஒழிந்தது என்று கொள்ளலாம். ஆனால் புண்பட்ட சுவர் ஆறுவதற்கும், ஏற்கெனவே உருவான உறைவு கரைவதற்கும் உடம்பு எடுத்துக்கொள்ளும் காலம் வேறு. நீங்கள் காய்ச்சலின் நாட்களைக் கணக்கு வைத்து மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அதுதான்.

‘எலி மருந்து’ என்ற பேச்சு

உங்கள் கொழுந்தனார் சொல்வது பொய்யல்ல என்பதை ஒப்புக்கொண்டே பேசுவோம். கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து இறந்ததை ஆராயப் போய்க் கண்டுபிடிக்கப்பட்ட பொருளின் வழிவந்தது வார்ஃபரின். 1948-இல் அது எலிக்கொல்லியாகத்தான் சந்தைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதிக்கப்பட்டது. மறு ஆண்டே, மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குக் கொடுக்கப்பட்டது. எலிக்கு வைக்கும்போது அளவு கட்டுப்பாடின்றிச் சேர்கிறது. மனிதருக்குக் கொடுக்கும்போது ஐ.என்.ஆர். பார்த்துப் பார்த்து மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறோம்.

கொழுந்தனாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அவருடைய அம்மா பதினோரு ஆண்டுகளாக உயிரோடும் நலத்தோடும் இருப்பதற்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த மாத்திரைதான் காரணம். மாமியார் சாப்பிடுவது அசிட்ரோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலுள்ள அசினோகூமரால், வார்ஃபரினுக்கு உடன்பிறப்பு போன்றது. ஆனால் ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போட்டுக்கொள்ள முடியாது. மில்லிகிராம் அளவும் வேகமும் வேறு. உலோக வால்வுக்குத் தேவைப்படும் ஐ.என்.ஆர். எண் பெரும்பாலும் உங்கள் கணவருடையதைவிட அதிகம். பொங்கலன்று கொடுத்த அந்த ஒற்றை மாத்திரையால் இப்போது ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் இன்றிரவே இரண்டு பேருடைய மாத்திரைகளையும் வெவ்வேறு அலமாரிகளில், பெயர் எழுதிய வெவ்வேறு டப்பாக்களில் வையுங்கள்.

இனி எத்தனை காலம்? இதுபோல் இனங்காணக்கூடிய, தற்காலிகமான ஒரு காரணத்தால் வந்த ஆழ்சிரை உறைவுக்குப் பொதுவாக மூன்று மாதம் சிகிச்சை. ஆறு வாரத்தில் நிறுத்துவதைப் பற்றி நாம் ஊகிக்க வேண்டியதே இல்லை. 1995-இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில், ஆறு வாரத்தோடு நிறுத்தியவர்களில் 18 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் உறைவு வந்தது. ஆறு மாதம் சாப்பிட்டவர்களில் அது 10 சதவீதத்துக்கும் குறைவு. தற்காலிகக் காரணத்தால் வந்தவர்களிடம் இரண்டு எண்களுமே குறைவாக இருந்தன, ஆனால் வேறுபாடு அங்கும் இருந்தது. உங்கள் கணவர் பாதி வழியில் நிற்கிறார். மீதிப் பாதியையும் கடந்துவிடட்டும். மாதாமாதம் ரத்தம் எடுக்க அலைவது சிரமமாக இருந்தால், ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகளுக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு; அவற்றின் விலை கூடுதல். மாமியாரின் உலோக வால்வுக்கு மட்டும் அந்தப் புதிய மாத்திரைகள் கூடவே கூடாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மாமியார் தினமும் இரவு தைலம் தேய்த்துக் காலை நீவிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தாயின் கை அது என்பது தெரிந்தே சொல்கிறேன்: நீவுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். உறைவு இருக்கும் காலை அழுத்தி நீவினால் துண்டு பெயர்ந்து போக வாய்ப்புண்டு. நடப்பது நல்லது, நாள் முழுதும் கல்லாவில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் நல்லதல்ல.

முருங்கைக்கீரையை முற்றிலும் விலக்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். விலக்க வேண்டியதில்லை; வாரத்துக்கு எத்தனை முறை கீரை சமைப்பீர்களோ, அந்தக் கணக்கை மாற்றாமல் வைத்துக்கொண்டால் போதும். உடம்பு வலி என்று மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் மாத்திரையோ, இடுப்பில் ஊசியோ போட்டுக்கொள்ளக் கூடாது. சித்த மருந்து எதுவானாலும் மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம். டாக்ஸிசைக்ளின் உட்படப் பல மாத்திரைகள் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக வார்ஃபரினைச் சொல்லச் சொல்லுங்கள்.

மகனுக்குப் பரிசோதனை எடுக்க வேண்டுமா?

இப்போது வேண்டாம். அப்பாவுக்கு வந்தது தொற்றின் விளைவு. அது மகனுக்குச் சொத்தாகப் போகாது. கணவருக்கே, ரத்தம் மிகையாக உறையாமல் காக்கும் ‘புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ்’ புரதங்களுக்கான பரிசோதனைகளை ஆய்வகம் ஒன்று பரிந்துரைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வார்ஃபரின் சாப்பிடும்போது இந்த இரண்டும் இயல்பாகவே குறைவாகக் காட்டும். பணமும் போய், இல்லாத நோய்க்கு ஒரு பெயரும் வந்து சேரும். உறைதலைத் தூண்டும் எதிர்ப்பொருள்களுக்கான பரிசோதனையில் ஒன்று லேசாக ‘பாசிடிவ்’ வந்திருக்கிறது. தொற்றுக் காலத்தில் அப்படி வருவது சகஜம். பன்னிரண்டு வாரம் கழித்து மீண்டும் எடுத்து, அப்போதும் இருந்தால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இளம் வயதில், காரணமே இல்லாமல் உறைவு வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். அப்போது பேச்சு வேறு.

முதல் மருத்துவர் மீது வழக்கு?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் மருத்துவன் என்பதால் அவரைக் காப்பாற்றப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சலின் முதல் வாரத்தில் டைபாய்டையும் டைபஸையும் அறிகுறிகளை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். விடால் நம் ஊரில் பலருக்குப் பழைய தொற்றாலேயே ‘பாசிடிவ்’ காட்டும். டைபாய்டு என்று கருதியவர் செஃப்ட்ரையாக்சோன் கொடுத்தது முறையான சிகிச்சைதான். ஆனால் செல்லுக்குள் ஒளிந்திருக்கும் ரிக்கெட்சியாவை அந்த மருந்து தொடாது. ஐந்து நாள் ஊசிக்குப் பிறகும் காய்ச்சல் அசையவில்லை என்றபோது அவர் வேறு வழியில் யோசித்திருக்க வேண்டும். என்ன தொழில், எலி உண்டா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதை அவர் செய்யவில்லை. அது குறை. ஆனால் குறைகள் எல்லாம் சட்டத்தின் பார்வையில் அலட்சியம் ஆகிவிடுவதில்லை; சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் செய்யாததைச் செய்தாரா என்பதே அளவுகோல் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு நாள் முன்னதாக டாக்ஸிசைக்ளின் கிடைத்திருந்தால் இந்த உறைவு வந்திருக்காது என்று நிறுவுவதும் எளிதல்ல.

இருந்தாலும், மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்பதால், இன்று முடிவெடுக்கத் தேவையில்லை. என் விருப்பத்தைக் கேட்டால், டைபஸ் என்று உறுதிசெய்த அறிக்கையோடு அந்த மருத்துவரிடம் ஒருமுறை போய், நடந்ததைச் சொல்லுங்கள் என்பேன். அடுத்த முறை மண்டியிலோ ரைஸ்மில்லிலோ வேலை செய்யும் ஒருவர் காய்ச்சலோடு வரும்போது, அவர் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

எலியும் பூனையும்

எலிகளை ஒரேயடியாக விஷம் வைத்துக் கொல்லும் திட்டத்தைத் தள்ளிவையுங்கள். எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுகள் அதை விட்டிறங்கி அடுத்த சூடான உடம்பைத் தேடும். சாக்கு தூக்கும் ஆட்களின் கால்கள்தான் அருகில் இருக்கும். ஆகவே முதலில் எலி நடமாடும் வழிகளிலும் வளைகளிலும் தெள்ளுக்கான மருந்துத் தூளைத் தூவ வேண்டும். அதன் பிறகே எலி. தானியம் உள்ள இடம் என்பதால் இதை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களிடமே விடுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மட்டும் வேண்டவே வேண்டாம். அது வீட்டுக் குழந்தைகளின் கல்லீரலைக் குடிக்கும் விஷம். தரையைக் காய்ந்தபடி பெருக்காமல் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள். கிருமி இருப்பது தெள்ளின் எச்சத்தில். கடித்த இடத்தைச் சொறியும்போது அது தோலுக்குள் போகிறது, காய்ந்த தூசியாக மூச்சிலும் போகக் கூடும்.

பூனை விஷயத்தில் நான் தயங்குவது மாமியாருக்காக. பூனைத் தெள்ளு பார்ட்டோனெல்லா என்ற இன்னொரு கிருமியைப் பூனைக்குப் பூனை பரப்புகிறது. தெள்ளின் எச்சம் படிந்த நகத்தால் பூனை பிறாண்டினால் மனிதருக்கும் வரும். பெரும்பாலோருக்குச் சில வாரம் நெறி கட்டி, தானாக வடிந்துவிடும். செயற்கை வால்வு உள்ளவருக்கு மட்டும், அந்தக் கிருமி வால்விலேயே குடியேறி, மாதக்கணக்கில் மெல்லிய காய்ச்சலாகவும் இளைப்பாகவும் நீடிக்கும் அபாயம் உண்டு. சாதாரண ரத்தக் கல்ச்சரில் அது வளராது என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும். ஒரு வயதுக்குட்பட்ட குட்டிகளிடம் இது அதிகம். பூனை வளர்த்தே ஆக வேண்டுமென்றால், வளர்ந்த பூனையாக, மாதந்தோறும் தெள்ளு மருந்து போட்டு, மண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாமியாரின் அறைக்குள் வர வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கான பதிலை, கடிதம் கிடைத்த அன்றே தனி மடலில் அனுப்பிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். “மூன்று நாளாக எனக்கும் காய்ச்சலும் தலைவலியும், மண்டியைச் சுத்தம் செய்த களைப்பாக இருக்கும்” என்று எழுதி முடித்திருந்தீர்கள். கணவரிடமிருந்து உங்களுக்குத் தொற்றியிருக்காது. ஆனால் அதே மண்டி, அதே தூசி, பெருக்கியவர் நீங்கள். கடித்த ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்கும் காய்ச்சல் இது. முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனை ‘நெகடிவ்’ ஆகவும் வரலாம் என்பதால், சந்தேகம் வலுவாக இருந்தால் அறிக்கைக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் தொடங்குவதே முறை. மருத்துவரிடம் போய், “என் கணவருக்கு மியூரைன் டைபஸ் வந்தது, மண்டியைப் பெருக்கியவள் நான்” என்ற இரண்டையும் முதலில் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.